கோழித் தண்ணீரில் கரைந்த மாத்திரை

சில மாதங்களுக்கு முன் முடிச்சூர்ப் பக்கத்திலிருந்து மூத்த தம்பதியர் இருவர் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தனர். பெரியவருக்கு வயது அறுபத்தெட்டு. பல ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. குளிரும் காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலுமாக ஓராண்டுக்குள் அவருக்கு வந்த மூன்றாவது தொற்று அது. சிறுநீரை வளர்சோதனைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில், வாய்வழி உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களுக்கு எதிரே ஏறக்குறைய எல்லா இடத்திலும் ‘ஆர்’ என்ற எழுத்தே இருந்தது. அந்தக் கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்பதே அதன் பொருள். ‘எஸ்’ என்று குறிக்கப்பட்டவை, ஊசி வழியே மட்டும் செலுத்தக்கூடிய சில மருந்துகள். பத்து நாள்கள் நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்னேன்.

அந்த அம்மையாருக்கு அது புரியவில்லை. “டாக்டர், இவர் மாத்திரை என்றாலே ஒதுங்கிப் போகிறவர். போன தடவை எழுதிக் கொடுத்ததையே பாதிக்குமேல் சாப்பிடவில்லை. அப்படியிருக்க மருந்து கேட்காமல் போவது எப்படி?” என்று கேட்டார். மீதி மாத்திரைகள் என்னவாயின என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “வீணாக்கவில்லை டாக்டர். கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்திருந்தது. பொடித்துத் தண்ணீரில் கலந்து வைத்தேன்” என்றார். வீட்டுப் பின்புறத்தில் பதினான்கு நாட்டுக் கோழிகள் இருந்தனவாம். மருந்து கொடுத்தும் பதினொன்று இறந்துவிட்டன.

அந்தக் கோழிகளால்தான் அவருக்கு இத்தொற்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எந்தச் சோதனைச் சான்றும் எங்களிடம் இல்லை. அரைகுறையாக நிறுத்திய சிகிச்சை, நீரிழிவு, முந்தைய தொற்றுகள் ஆகிய அனைத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆயினும் ஒரே பட்டையிலிருந்த மாத்திரைகள் பாதி மனிதருக்கும் பாதி கோழிக்கும் போனதும், இரு தரப்புக்கும் பயன் கிட்டாததும் என் மனத்தில் நின்றுவிட்டன. நம் மருந்துகளும் கோழிகளின் மருந்துகளும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை நம் நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

மருந்துக்கு அடங்காத கிருமி எப்படி உருவாகிறது?

பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகுபவை. கோடிக்கணக்கில் பெருகும்போது அவற்றுள் சில, தற்செயலான மரபணு மாற்றத்தால் ஒரு மருந்தைத் தாங்கும் ஆற்றலைப் பெறுகின்றன. ஆன்டிபயாடிக் செலுத்தப்படும்போது ஏனையவை மடிய, இவை மட்டும் எஞ்சிப் பெருகுகின்றன. குறைந்த அளவில், நீண்ட காலம், முறையின்றி மருந்து கொடுத்தால் இந்தத் தேர்வு இன்னும் எளிதாக நடக்கிறது. அது மட்டுமன்று. எதிர்ப்பாற்றல் தரும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறோர் இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடக்கூடும். கோழியின் குடலில் உருவான ஆற்றல் மனிதக் குடலில் வாழும் கிருமிக்கும் வந்து சேரலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். எதிர்ப்புப் பெறுவது கிருமியே. மனித உடல் அன்று. ஆகவே “நான் மருந்தே அதிகம் சாப்பிட்டதில்லை” என்பவருக்கும், வேறெங்கோ வலுப்பெற்ற கிருமி வந்து சேர இடமுண்டு. அந்த அம்மையாரின் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இதுவே.

கோழியின் தொண்டையிலிருந்து வந்த மருந்து

தாம்பரத்தில் வாழ்பவர்களுக்கு, ஆன்டிபயாடிக் இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதை நினைவூட்ட ஓர் ஊர்ப்பெயரே போதும். ‘சானடோரியம்’ என்று நாம் ரயிலில் இறங்கும் இடம், 1928-ல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளர்களுக்காகத் தொடங்கிய நலவிடுதியால் பெற்ற பெயர் அது. அக்காலத்தில் காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. தூய காற்றும் ஓய்வும் சத்துணவுமே மருத்துவம். மாதக்கணக்கில் படுத்திருந்தும் பலர் பிழைக்கவில்லை.

அந்நிலையை மாற்றிய முதல் மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளம் ஆய்வாளர், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டறிந்தார். அம்மருந்தைத் தரும் நுண்ணுயிரின் இரண்டு வகைகள் அவருக்குக் கிடைத்தன. ஒன்று எருவிட்ட நிலத்து மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் வளர்ந்தது. காசநோயாளர்களுக்கு உயிர் தந்த மருந்தின் வரலாற்றில் இப்படி ஒரு கோழிக்கும் இடம் உண்டு.

சில ஆண்டுகளிலேயே நிலைமை திசை மாறியது. 1950-ல் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், ஆரியோமைசின் தயாரிப்பில் எஞ்சும் கழிவைத் தீவனத்தில் கலந்தால் குஞ்சுகள் வேகமாக வளர்வதை உலகுக்கு அறிவித்தனர். நோயில்லாத கோழிக்கும் நாள்தோறும் சிறிதளவு ஆன்டிபயாடிக் கொடுக்கும் வழக்கம் அதிலிருந்து உலகெங்கும் பரவிற்று.

அதன் விளைவை அழகாகக் காட்டியவர் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவர். பாஸ்டன் அருகே ஒரு குடும்பப் பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனத்தைக் கொடுத்துப் பார்த்தார். ஒரே வாரத்தில் கோழிகளின் குடலிலிருந்த பாக்டீரியாக்கள் ஏறக்குறைய முழுவதும் அம்மருந்துக்கு அடங்காதவையாயின. ஐந்தாறு மாதங்களில், அம்மருந்தை உட்கொள்ளாத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் அத்தகைய பாக்டீரியாக்கள் மிகுந்தன. அண்டை வீட்டாரிடம் அந்த மிகுதி காணப்படவில்லை. இவ்வாய்வு 1976-ல் வெளியாயிற்று.

கோலிஸ்டின்: கடைசிக் கதவு

தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரை வைத்திருந்த குடும்பங்கள் சிலவற்றுக்குக் கோலிஸ்டின் என்ற பெயர் தெரிந்திருக்கும். இது பழைய மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் 1970-களில் மருத்துவர்கள் பெரும்பாலும் கைவிட்டனர். பிற மருந்துகள் தோற்கத் தொடங்கிய பின், வேறு வழியின்றி அதை மீண்டும் எடுத்தோம். மெரோபெனெம் போன்ற வலிய மருந்துகளும் பயனற்றுப் போகும்போது நாங்கள் தட்டும் கடைசிக் கதவுகளுள் அது ஒன்று.

அதே கோலிஸ்டின் பல நாடுகளில் கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனத்தில் கொடுக்கப்பட்டு வந்தது. 2015 நவம்பரில், கோலிஸ்டினுக்கு எதிர்ப்பாற்றல் தருவதும், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் தாவக்கூடியதுமான மரபணு ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் அறிவித்தனர். விலங்குகளிலும் இறைச்சியிலும் நோயாளர்களிடத்தும் அது காணப்பட்டது. இந்தியாவில் 2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகள், கோழிகள், மீன்களுக்கும் தீவனச் சேர்க்கைக்கும் கோலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 2012-ல், நம் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் வேண்டுமென வெளியிட்ட ‘சென்னைப் பிரகடனம்’ இத்துறையில் நாடு எடுத்த முயற்சிகளுக்கு ஒரு தொடக்கமாய் அமைந்தது.

பழியெல்லாம் பண்ணைகள் மீது போடுவது நேர்மையாகாது. வைரஸ் காய்ச்சலுக்கும் சளிக்கும் ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்கள், சீட்டின்றி விற்கும் கடைகள், இரண்டு நாளில் நிறுத்திவிடும் நோயாளர்கள், கைகழுவுதலில் அசட்டையாக இருக்கும் மருத்துவமனைகள் ஆகிய நாம் அனைவரும் இதில் பங்காளிகளே.

பண்ணையின் கணக்கு

நாமக்கல்லின் முட்டைகள் தமிழகச் சத்துணவுக் கூடங்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றன. பல்லடம், உடுமலைப் பகுதியின் கறிக்கோழிகள் நம் தாம்பரம் சந்தைவரை வருகின்றன. நாட்டுக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைகள் இடும். பண்ணை முட்டைக்கோழியோ 300-க்கும் மேல் இடுகிறது. கறிக்கோழி ஆறு வாரங்களுக்குள் 2 கிலோ எடையை எட்டிவிடுகிறது. ஏழை வீட்டுக் குழந்தைக்கும் மலிவு விலையில் நல்ல புரதம் கிடைப்பது இதனால்தான். இது சிறிய சாதனையன்று.

ஆனால் இத்தொழிலின் இலாபம் மிக மெல்லியது. செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே போகிறது. ஒரு கிலோ தீவனம் எவ்வளவு இறைச்சியாக மாறுகிறது என்பதில்தான் பண்ணையாளரின் வருவாய் நிற்கிறது. ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கொட்டகையில் வாழும்போது, ஒன்றுக்கு வந்த நோய் ஓரிரு நாளில் அனைத்துக்கும் பரவிவிடும். அந்த அச்சத்தில்தான் “முன்னெச்சரிக்கையாக” மருந்து கலக்கும் வழக்கம் வேர் பிடித்தது.

இங்கே நோய்களைப் பிரித்தறிய வேண்டும். நாம் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் இராணிக்கேத் நோய் ஒரு வைரஸால் வருவது. கம்போரோ நோயும் கோழி அம்மையும் அவ்வாறே. நம் ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் எப்படிப் பயன்படாதோ, அப்படியே வெள்ளைக் கழிச்சலுக்கும் பயன்படாது. முடிச்சூர் வீட்டுக் கோழிகள் மருந்து கொடுத்தும் இறந்ததன் காரணம் இதுவே. அந்நோய்க்குச் சிகிச்சை கிடையாது, தடுப்பூசி உண்டு. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் அரசுக் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் அதைத் தயாரிக்கிறது. இரத்தக் கழிச்சலோ ஒட்டுண்ணியால் வருவது. ஈரமான கூளத்தில் பெருகுவது. கூளத்தை உலர்வாக வைத்தாலே பாதி நோய் குறையும்.

மருந்தை நிறுத்தினால் உற்பத்தி சரிந்துவிடாதா? டென்மார்க் இதற்கு விடை கண்டது. அங்கே 1998-ல் கறிக்கோழிப் பண்ணைகள் வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளைக் கைவிட்டன. கோழிகளின் எடையோ இறப்போ குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. தீவனச் செலவு மட்டும் மிகச் சிறிதளவு கூடியது. கோழிகளிடம் அம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளும் வெகுவாகக் குறைந்தன. 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. தடுப்பூசி, காற்றோட்டம், உலர்ந்த கூளம், தூய குடிநீர், வாயிலில் கிருமிநாசினித் தொட்டி, ஒரு தொகுதிக் கோழிகள் போனபின் கொட்டகையைக் காயப்போடுதல் ஆகியவையே மருந்தின் இடத்தை நிரப்பின. நம் ஊர்ப் பண்ணையாளர்கள் அறியாத முறைகள் அல்ல இவை. ஆயினும் மே மாதத்து வெயிலிலும் ஏறி இறங்கும் விலையிலும் அவற்றைக் கடைப்பிடிக்க அவர்களுக்கு ஆதரவு தேவை.

நோயாளர்கள் அடிக்கடி கேட்பவை

“பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களா?” பெண் குழந்தைகள் விரைவில் பூப்பெய்துவது பற்றிப் பேச்சு வந்தாலே இக்கேள்வி எழும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒவ்வொன்றாக ஊசி போடுவது நடைமுறைக்கும் செலவுக்கும் ஒவ்வாதது. விரைவான வளர்ச்சி பல தலைமுறைத் தேர்வினாலும் சமச்சீர்த் தீவனத்தாலும் வருவது. குழந்தைகளின் உடல்பருமன் கூடியதும் அவர்கள் முன்கூட்டியே பூப்பெய்துவதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஹார்மோனைப் பற்றிய வீண் அச்சம், ஆன்டிபயாடிக் பற்றிய உண்மைக் கவலையை மறைத்துவிடுகிறது.

“நாட்டுக்கோழி என்றால் பாதுகாப்பானதுதானே?” சுவை வேறு, பாதுகாப்பு வேறு. எல்லாக் கோழிகளின் குடலிலும் பாக்டீரியாக்கள் உண்டு. முடிச்சூர்க் கோழிகளும் நாட்டுக்கோழிகளே.

“இறைச்சியில் மருந்து தங்கியிருக்குமா?” மருந்து கொடுத்த கோழியை, மருந்து உடலைவிட்டு நீங்கும்வரை குறிப்பிட்ட நாள்கள் விற்கக் கூடாது என்பது விதி. அதைப் பின்பற்றினால் எச்சம் பாதுகாப்பான அளவுக்குக் கீழே போய்விடும். சமைப்பதால் எச்சம் முழுமையாக அழியாது, கிருமிகள் அழியும்.

“பச்சை முட்டை குடிக்கலாமா?” பூப்பெய்திய பெண்ணுக்கு நாட்டுக்கோழிப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தருவது நம் வழக்கம். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்களும் அவ்வாறு குடிக்கின்றனர். சால்மொனெல்லா என்ற கிருமி முட்டையின் மேலும் உள்ளும் இருக்கக்கூடும். அன்போடு தரும் முட்டையை அவித்துத் தாருங்கள். புரதம் குறையாது, இன்னும் எளிதாகச் செரிக்கும். கருவுற்றோர், முதியோர், நீரிழிவு உள்ளோர், புற்றுநோய் சிகிச்சை அல்லது உறுப்புமாற்றம் பெற்றோர் ஆஃப்பாயிலையும் தவிர்க்க வேண்டும்.

“பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால்?” இந்தியாவில் பண்ணைக் கோழிகளிடம் அது முதலில் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. நன்கு வெந்த கோழியாலும் முட்டையாலும் அது பரவாது. இறந்த கோழியையோ காகத்தையோ வெறுங்கையால் தொடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். நோயுற்ற பறவைகளுடன் பழகியபின் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், மருத்துவரிடம் அதைச் சொல்ல மறவாதீர்கள்.

சமையலறையில் செய்ய வேண்டியவை

1. கோழியைக் கடைசியாக வாங்கி, காய்கறிப் பையில் சேர்க்காமல் தனிப் பையில் கொண்டுவாருங்கள்.

2. ஓடும் குழாயின் கீழே கழுவாதீர்கள். தெறிக்கும் நீர் கிருமியை அடுத்திருக்கும் பாத்திரங்களுக்கும் கொண்டு செல்லும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் ஆழமான பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, தொட்டியைச் சோப்பிட்டுத் தேய்த்துவிடுங்கள். மஞ்சள் தடவுவது மணத்துக்கு உதவும். கிருமியைக் கொல்ல அதை நம்ப வேண்டாம்.

3. இறைச்சி வெட்டிய அரிவாள்மனையிலோ பலகையிலோ அப்படியே வெங்காயமும் தக்காளியும் நறுக்காதீர்கள். பச்சடிக்கான காய்களை முதலில் நறுக்கி வைத்துவிடுங்கள்.

4. எலும்பருகே இளஞ்சிவப்பு நிறமின்றி, உட்பகுதிவரை நன்றாக வேகட்டும். உள்ளே 75 டிகிரி செல்சியஸ் வெப்பம் எட்டினால் போதும். நம் குழம்புக்கு இது எளிது. தந்தூரிக்கும் தீயில் வாட்டுவதற்கும் கவனம் வேண்டும்.

5. பச்சை இறைச்சியைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவுங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

வீட்டில் கோழி வளர்ப்போருக்கு

மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வண்டலூர்ப் பக்கங்களில் பல வீடுகளில் இன்றும் கோழிகள் வளர்கின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குஞ்சு வாங்கி வருவோரும் பலர். புதிதாக வாங்கிய பறவைகளை இரண்டு வாரமாவது தனியே வைத்தபின் பிறவற்றோடு சேருங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்தும், எட்டாவது வார அளவில் இறக்கைப் பகுதியில் தடுப்பூசியும் போட வேண்டும். ஒரு குப்பித் தடுப்பு மருந்து பல கோழிகளுக்கானது. கரைத்தபின் விரைவில் பயன்படுத்திவிட வேண்டும். ஆகவே அண்டை வீட்டாருடன் சேர்ந்து கால்நடை மருந்தகத்துக்குச் செல்வது எளிது. பயிற்சி வேண்டுவோர் பொத்தேரி அருகே காட்டுப்பாக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கூட்டைத் துப்புரவு செய்தபின் கைகழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குஞ்சுகளுக்கு முத்தமிட விடாதீர்கள். மனிதருக்கு எழுதிய மருந்தைக் கோழிக்கும், கோழிக்கு வாங்கியதை மனிதருக்கும் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், எத்தனை நாள் என்று கேளுங்கள். அத்தனை நாளும் உட்கொள்ளுங்கள். ஒவ்வாமையாலோ வேறு காரணத்தாலோ நிறுத்த நேர்ந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். மீதியை அடுத்த முறை வரும்போது எடுத்துவந்து காட்டுங்கள். அலமாரியில் சேர்த்து வைக்கவும் வேண்டாம், கால்வாயில் கொட்டவும் வேண்டாம்.

முடிச்சூர்ப் பெரியவர் பத்து நாள் ஊசிக்குப்பின் நலமடைந்தார். அவருக்கு ‘எஸ்’ என்று காட்டிய மருந்து ஒன்று எஞ்சியிருந்ததே அதற்குக் காரணம். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரைப் பரிசோதனைக்காக இருவரும் வந்தனர். அம்மையார் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். கால்நடை மருந்தகத்தில் தந்த தடுப்பூசிக் குறிப்பு அது. தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே குப்பியில் எல்லாக் கோழிகளுக்கும் போட்டுவிட்டார்களாம். “இவருடைய மாத்திரையை இவரே முடித்துவிட்டார் டாக்டர்” என்றும் சொன்னார். அந்தச் சீட்டையும் அவருடைய கோப்பிலேயே வைத்துக்கொண்டேன்.